எழுதியிருப்பது ஒன்று, வாசிப்பது ஒன்று

வாசகர் கேள்வி – பதில்

ஐயா, போன ஞாயிறு மதியம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். என் பைபிளையே வாங்கி சங்கீதம் 83:18ஐத் திறந்து, “கடவுளுக்கு யெகோவா என்று பெயர் இருக்கிறது. உங்கள் சபைகள் அதை மறைத்துவிட்டு ‘கர்த்தர்’ என்று போட்டிருக்கின்றன” என்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. மறைத்தது உண்மையா? இந்த ஞாயிறும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கதவைத் திறக்கலாமா? – ஒரு வாசகி, தூத்துக்குடி

திறங்கள் அம்மா. வந்தவர்கள் யெகோவா சாட்சிகள் என்ற சபையார் என்று நினைக்கிறேன். வெயிலில் வருகிறார்கள், குடிக்க மோர் கொடுங்கள்.

அவர்கள் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். எபிரெய வேதத்தில் கடவுளுக்கு ஒரு தனிப்பெயர் உண்டு. யோத், ஹே, வாவ், ஹே என்று நாலு எழுத்து. பழைய ஏற்பாட்டில் 6,800 தடவைக்கு மேல் வருகிறது. நம் தமிழ் வேதாகமத்தில் ‘கர்த்தர்’ என்று நீங்கள் வாசிக்கிற இடங்களில் பெரும்பாலும் மூலத்தில் இருப்பது அந்த நாலு எழுத்துதான். ‘கர்த்தர்’ என்பது அதன் மொழிபெயர்ப்பு ஆகாது. அந்த இடத்தில் வைத்த ஒரு மரியாதைச் சொல்.

சரி, ஏன் வைத்தார்கள்? பழங்காலத்தில் எபிரெயத்தை மெய்யெழுத்தாகவே எழுதுவார்கள். உயிரெழுத்தை, படிக்கிறவர்தான் தன் பழக்கத்தால் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது நமக்குப் புரியாத விஷயமில்லை. நம் ஏடுகளில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளி இல்லாமலே எழுதிவைத்தார்கள். எது மெய், எது உயிர்மெய் என்று படிக்கத் தெரிந்தவருக்குத் தெரியும். அப்படித்தான் அங்கேயும். ஆனால் இந்த ஒரு பெயரை மட்டும், பயபக்தியினால், யூதர்கள் வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திக்கொண்டே வந்தார்கள். எருசலேம் ஆலயத்தில் பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியர் அதை உச்சரிப்பார் என்று யூத மரபு சொல்கிறது. கி.பி. 70இல் ஆலயம் இடிந்தது. உச்சரிக்கும் இடமும் போயிற்று. ஏட்டில் அந்த நாலு எழுத்து வந்தால் வாயால் ‘அதோனாய்’, அதாவது ‘என் ஆண்டவர்’, என்று வாசிப்பது வழக்கமாக நிலைத்தது.

பிறகு மசோரேத்தியர் என்ற வேத அறிஞர்கள் எழுத்துகளுக்குக் கீழும் மேலும் உயிர்க்குறி போட்டார்கள். இந்த நாலு எழுத்துக்கு வந்தபோது, ‘இங்கே அதோனாய் என்று வாசி’ என்று நினைவூட்ட அந்தச் சொல்லின் உயிர்க்குறிகளைப் போட்டார்கள். இடைக்கால ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் சிலர் இந்த ஏற்பாடு தெரியாமல் மெய்யையும் குறியையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்தார்கள். அப்படிப் பிறந்த உச்சரிப்புதான் ‘யெகோவா’. ‘யாவே’ என்பதே பழைய உச்சரிப்புக்கு நெருங்கியது என்பது பெரும்பாலான எபிரெய அறிஞர்களின் கருத்து. 22 வருடம் எபிரெயம் கற்றுக்கொடுத்த நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இங்கே என் பாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து லுத்தரன் குடும்பம் எங்களுடையது. பாட்டி ஜெபத்தில் ‘பராபரனே’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் பழகிய, பப்ரிசியு என்பவர் மொழிபெயர்த்த பழைய வேதாகமத்தில் கடவுள் அப்படித்தான். தாத்தாவுக்கு ஆதியாகமத்தில் வருகிற ஒரு முற்பிதாவின் பெயர். ராத்திரி குடும்ப ஜெபத்தில் பாட்டிதான் அதிகாரம் வாசிப்பாள். அந்தப் பெயர் வரும் இடத்தில் ஒரு கணம் நிற்பாள், “அவங்க” என்பாள், மேலே போவாள். “அவங்க பதான் அராமுக்குப் போனாங்க.” எனக்கு ஏழு வயது. பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுதியிருப்பது ஒன்று, பாட்டி வாசிப்பது ஒன்று.

பல வருடம் கழித்து எபிரெய வகுப்பில் கெதிவ், கெரே என்று இரண்டு சொல் வந்தது. எழுதப்பட்டது, வாசிக்கப்படுவது என்று பொருள். ஆசிரியர் விளக்க ஆரம்பிப்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. அம்மா, பாட்டி தாத்தாவின் பெயரை மறைத்தாள் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. அவள் விட்டுவிட்ட அந்த இடத்தில்தான் அந்தப் பெயர் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

‘சபைகள் மறைத்தன’ என்பதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். இன்னொன்றும் உண்டு. அவர்கள் காட்டிய வசனம் எந்தப் புத்தகத்தில் இருந்தது? உங்கள் சபைப் பைபிளில். ‘யேகோவா என்னும் நாமத்தையுடைய தேவரீர் ஒருவரே’ என்று நம்மவர்களே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். யாத்திராகமம் 6:3லும் ஏசாயா 12:2லும் இருக்கிறது. மறைக்க நினைத்தவர்கள் செய்கிற வேலையா இது?

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் ஆதாரம் அவர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் 5,000க்கு மேல். ஒன்றில்கூட அந்த நாலு எழுத்து இல்லை. ‘கூரியோஸ்’, ஆண்டவர், என்றுதான் இருக்கிறது. அவர்களுடைய ‘புதிய உலக மொழிபெயர்ப்பு’ என்ற பைபிளில் புதிய ஏற்பாட்டுக்குள் அந்தப் பெயரை 237 இடங்களில் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் நியாயத்தையும் கேளுங்கள்: இயேசுவின் காலத்துக்குச் சற்று முந்திய பழைய ஏற்பாட்டுக் கிரேக்கச் சுருள் துண்டுகள் சிலவற்றில் அந்த நாலு எழுத்து எபிரெயத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அது உண்மை, நல்ல ஆதாரம். ஆனால் அது பழைய ஏற்பாட்டுக்கு ஆதாரம். பவுலின் நிருபத்தில் ஒரு சொல்லைச் சேர்க்க பவுலின் நிருபத்துப் பிரதி ஒன்றாவது வேண்டும்.

அவர்களைக் கேலி செய்ய வேண்டாம். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட வழக்கில், 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மனசாட்சிக்காக அந்த விலை கொடுத்தவர்கள் உங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. எலியா, ஏசாயா, யோவான் என்ற பெயர்களுக்குள்ளே அந்த நாமம் ஒளிந்திருக்கிறது. அல்லேலூயாவின் கடைசி ‘யா’வும் அதன் சுருக்கம்தான். ஞாயிறுதோறும் நீங்கள் பாடிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

என் அண்ணன் புது சபை ஒன்றில் சேர்ந்திருக்கிறார். பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, ‘இயேசுவின் நாமத்தில்’ மட்டும் எடுக்க வேண்டும் என்கிறார். அப்போஸ்தலர் 2:38 காட்டுகிறார். நான் மத்தேயு 28:19 காட்டுகிறேன். வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. – ஒரு வாசகர், நாசரேத்

அண்ணனிடம் இருப்பது ஒரு வசனம் மட்டுமில்லை தம்பி. அப்போஸ்தலர் 8:16, 10:48, 19:5 மூன்றும் அவர் பக்கம் பேசும். உங்கள் வசனமும் உறுதியானது: அந்தப் பகுதி இருக்கிற கிரேக்கப் பிரதிகள் எல்லாவற்றிலும் அது அப்படியேதான் இருக்கிறது. நாலாம் நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு அதைச் சில இடங்களில் ‘என் நாமத்தில்’ என்று சுருக்கி எழுதியதை அண்ணன் காட்டலாம். அதே யூசேபியு வேறு இடங்களில் முழுசாகவும் எழுதியிருக்கிறார்.

இந்தச் சண்டை இந்த வடிவத்தில் பழையது இல்லை. 1913இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு பெந்தெகொஸ்தே முகாமில் கிளம்பி, 1916க்குள் அந்தச் சபைகளையே இரண்டாகப் பிளந்தது. அதற்கு மிக முந்திய ‘திதாக்கே’ என்ற ஆதித் திருச்சபைப் போதனை நூல் இரண்டு விதமாகவும் பேசுகிறது. ஏழாம் அதிகாரத்தில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. ஒன்பதாம் அதிகாரத்தில் ‘கர்த்தருடைய நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்’. எழுதியவருக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை.

எனக்கும் தெரியவில்லை. சின்ன வயதில் அம்மா, “அப்பா பேரைச் சொல்லு, அண்ணாச்சி அரிசி கொடுப்பார்” என்று அனுப்புவாள். நான் கடையில் போய் “அப்பா அனுப்பினாங்க” என்பேன். சில நாள் “வாத்தியார் வீடு” என்பேன். அண்ணாச்சி இரண்டுக்கும் அதே பக்கத்தில்தான் கணக்கு எழுதுவார். ‘நாமத்தில்’ என்பது யாருடைய கணக்கில் நாம் சேர்க்கப்பட்டோம் என்பதைச் சொல்கிறது. என் தீர்மானம் இது: உங்கள் ஞானஸ்நானம் செல்லும், அண்ணனுடையதும் செல்லும். ‘உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக’ என்ற கட்டளையை ‘ஐயோ கடவுளே’ என்று சொல்கிற பிள்ளைகளிடம் நாம் அடிக்கடி ஒப்பிக்கிறோம். அண்ணன் தம்பி ஒருவரையொருவர் அடிக்க அந்த நாமத்தைக் கையில் எடுப்பதைவிட வீணாக அதை எப்படி வழங்க முடியும்? நீங்கள் தம்பி, நீங்களே முதலில் போன் செய்யுங்கள். வசனம் வேண்டாம், அண்ணி எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

எங்கள் பங்கில் ‘யாவே’ என்று வரும் பாட்டைத் திருப்பலியில் பாட வேண்டாம் என்று பாடற்குழுவிடம் சொல்லிவிட்டார்கள். பல வருடமாகப் பாடிய பாட்டு. ஏன்? – ஒரு வாசகி, வேளாங்கண்ணி

2008 ஜூனில் வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு அனுப்பிய கடிதம்தான் காரணம். வழிபாட்டில், பாட்டிலும் ஜெபத்திலும், அந்த நாலு எழுத்துப் பெயரை உச்சரிக்க வேண்டாம், ‘ஆண்டவர்’ என்றே சொல்லுங்கள் என்றது. முதல் கேள்விக்குச் சொன்ன அதே யூத மரபும், ஆதித் திருச்சபை அதைப் பின்பற்றியதும்தான் அடிப்படை. வகுப்பிலும் புத்தகத்திலும் சொல்லத் தடையில்லை. பாட்டு மனதுக்குப் பழகியது, வலிக்கத்தான் செய்யும். அந்த இடத்தில் ‘ஆண்டவர்’ போட்டால் தாளம் இடிக்கும் என்றால், பாடற்குழுவில் ஒருவரை உட்கார்ந்து வரியைத் திருத்தச் சொல்லுங்கள்.

‘அல்லாஹ்’ என்பது வேறு கடவுளின் பெயர்தானே? கிறிஸ்தவர்களும் அப்படிச் சொல்வார்கள் என்கிறான் என் முஸ்லிம் நண்பன். – ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

நண்பர் சொல்வது சரி. அரபு பேசும் கிறிஸ்தவர்களின் பைபிளில் கடவுள் ‘அல்லாஹ்’தான். மால்டா தீவுக் கத்தோலிக்கர்கள் ‘அல்லா’ என்றே ஜெபிக்கிறார்கள். இந்தச் சொல்லுக்காக மலேசியாவில் பெரிய வழக்கே நடந்தது. கத்தோலிக்கரின் ‘ஹெரால்டு’ வார இதழ் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நாலு மொழியில் வந்தது. தமிழ்ப் பக்கங்களில் பிரச்சினை இல்லை; மலாய்ப் பக்கத்தில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்றது அரசு. 2009 கடைசி நாளில் உயர் நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகச் சொன்னது. அடுத்த மாதமே தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2013இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் வழக்கைத் தொடர அனுமதிக்கவில்லை. அந்தச் சொல் இருந்ததற்காக 2008இல் விமான நிலையத்தில் சரவாக் மாநிலக் கிறிஸ்தவப் பெண் ஒருவரிடம் 8 சிடிகளைப் பிடுங்கிய வழக்கில், அவருடைய உரிமையை ஒப்புக்கொண்ட முழுத் தீர்ப்பு 2021இல்தான் வந்தது. சொந்த ஜெபச் சொல்லுக்காக 13 வருடம்.

ஒரே சொல்லைச் சொல்வதால் இரண்டு மார்க்கத்தின் போதனையும் ஒன்றாகிவிடாது. கிறிஸ்து யார் என்பதில் உனக்கும் நண்பனுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. அதை மூடிவைக்காமல் பேசுங்கள். ஆனால் பெயரை வைத்துத் தள்ளாதே. நம் முன்னோர் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சிட்ட முதல் புத்தகத்தின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. தம்பிரான், சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று நாமே எத்தனை சொல்லை மாற்றியிருக்கிறோம். ஒவ்வொன்றும் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொள்வதற்கு முன்பே இந்த மண்ணில் வேறு யாரோ கும்பிட்ட சொல்.

ஆதாரங்களை வைத்து விவாதித்து விசுவாசத்தை நிரூபிக்க முடியுமா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

எந்த ஏட்டில் எந்தச் சொல் இருக்கிறது என்பதை நிரூபிக்கலாம். அதைச் சரியாகச் செய்வது கடமை என்றும் நம்புகிறேன். அதற்கு மேல் நான் ஒரு தடவை முயற்சி செய்தேன்.

எனக்கு 27 வயது, போதகராக முதல் சபை. வேத ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு ஒரு வயதான தையல்காரர் தவறாமல் வருவார். ஒருநாள் ‘கர்த்தர்’தான் கடவுளுடைய பெயர் என்று சொன்னார். நான் கரும்பலகையில் நாலு எழுத்தையும் எழுதி, குறிகளைப் போட்டு, எல்லோர் முன்னாலும் முக்கால் மணி நேரம் அது தப்பு என்று காட்டினேன். ஒரு சொல்கூட நான் தவறாகச் சொல்லவில்லை. அவர் பைபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் கடைக்குப் போனேன். மிஷினை நிறுத்தாமலே கேட்டார்: “அப்போ அம்பது வருஷமா நான் கூப்பிட்டது யாரை, ஐயரே?”

எனக்கு வாய் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன். ஞாயிறு பிரசங்கத்தில், அவர் கூப்பிட்டது கேட்கப்பட்டது என்று சொன்னேன். சொல்லும்போது அவர் இடத்தைப் பார்த்தேன், காலியாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து வந்தார். எப்போதும் உட்காரும் இடத்தில் உட்காரவில்லை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.