பத்தியச் சோறும் பேரனின் சோர்வும்

கேள்வி: பிரசவத்துக்கு வந்த மகள் எங்களுடன்தான் இருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே சுத்த சைவம். பிள்ளைக்குச் சளி பிடிக்குமென்று அவளுக்குப் பால், தயிர் கொடுப்பதில்லை. பேரனுக்கு ஏழு மாதம், தாய்ப்பால் மட்டுமே. வேறு எதை ஊட்டினாலும் துப்புகிறான். நின்ற தலை மறுபடி துவள்கிறது. முகம் பார்த்துச் சிரிப்பதில்லை. விரல் கணுக்கள் கறுத்திருக்கின்றன. கண்ணேறு என்கிறார்கள். தாய்ப்பாலை நிறுத்திவிடலாமா?
– ஓர் ஆச்சி, காரைக்குடி

பதில்: வேண்டாம், ஆச்சி. தாய்ப்பால் தொடரட்டும். ஆனால் இன்றே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். நின்ற தலை துவள்வது கண்ணேறு அல்ல. நாள் கடத்தினால் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

நீங்கள் சொல்வதெல்லாம் வைட்டமின் பி12 குறைவையே நினைக்க வைக்கிறது. தாய், பிள்ளை இருவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 3 மைக்ரோகிராம் போதும். ஆனால் அது மீன், கறி, முட்டை, பால், தயிரில்தான் இருக்கிறது. நம் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பார்களே, அதோடு பி12-உம் சேர்ந்தே போனது. சைவப் பெண்ணுக்குப் பாலும் தயிரும்தான் கதி. அவற்றையும் நிறுத்திவிட்டு, பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் கவுனி அரிசியும் எவ்வளவு கொடுத்தாலும் இந்தச் சத்து கிடைக்காது. தாயிடம் இல்லாதது கருவிலும் சேராது, தாய்ப்பாலிலும் வராது. தாய் தயிர் சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது. சளி கிருமியால் வருவது. இன்றிலிருந்தே மகளுக்குப் பாலும் தயிரும் கொடுங்கள். ஆனால் குறை இந்த அளவுக்கு வந்தபின் உணவு மட்டும் போதாது; இருவருக்கும் மருந்து வேண்டும்.

பி12 குறைவுதான் என்றால் பேரனுக்கு ஊசி போடுவார்கள். சில நாட்களிலேயே முகம் தெளியும். சில பிள்ளைகளுக்கு மருந்து தொடங்கியபின் கைகால் நடுக்கம் வருவதுண்டு. பயந்து சிகிச்சையை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடையில் நீங்களாக ஃபோலிக் அமில டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தம் தேறியதுபோல் காட்டும். நரம்பின் பாதிப்போ உள்ளே தொடரும்.

வேறு சாப்பாட்டைத் துப்புவதும் இந்தக் குறையால் இருக்கலாம். பசி திரும்பியதும் குழைந்த பருப்புச் சோறு, தயிர் விட்டு மசித்த இடியாப்பம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

மருத்துவரிடம் பிள்ளை என்ன சாப்பிடுகிறான் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மகள் சைவம், இத்தனை மாதமாகப் பாலும் தயிரும் தொடவில்லை என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.