இக் மக்கள் கல்நெஞ்சக்காரர்களா?

கேள்வி: உகாண்டா மலையில் வாழும் 'இக்' இனத்தாரிடம் அன்பு, பாசம் எதுவுமே கிடையாதாமே! கிழவர் வாயிலிருந்துகூட உணவைப் பிடுங்கித் தின்பது அவர்கள் பண்பாடு என்று மானுடவியலாளர் காலின் டர்ன்புல்லின் புத்தகத்திலிருந்து தெரிகிறது. அதை நம் இதழில் அறிமுகம் செய்வீர்களா?

பதில்: தயவுசெய்து அதைப் பண்பாடு என்று சொல்லாதீர்கள். டர்ன்புல் அங்கே தங்கியது 1960களின் நடுவில், மழை பொய்த்து ஊரே பட்டினி கிடந்த சமயம். அவர்கள் வேட்டையாடித் திரிந்த கிடெப்போ பள்ளத்தாக்கை 1962இல் தேசியப் பூங்காவாக ஆக்கிவிட்டார்கள், அப்புறம் வேட்டைக்கு எங்கே போவது? பசியில் செத்துக்கொண்டிருந்தவர்கள் நடந்துகொண்டதைப் பார்த்துவிட்டு, இந்த இனத்தின் குணமே இதுதான் என்று 1972இல் புத்தகம் போட்டது பெரிய அநியாயம். அதோடு விட்டாரா என்றால் இல்லை, இவர்களைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து எங்காவது தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று உகாண்டா அரசுக்கே யோசனை சொன்னார்.

சரி, அவர்கள் எப்படித்தான் வாழ்கிறார்கள்? மொருங்கோலே மலைப்பக்கம் போனால் ஊரைச் சுற்றிக் குச்சிகளை நெருக்கமாக நட்ட வேலி இருக்கும், உள்ளேயும் வீட்டுக்கு வீடு வேலி. வாசலில் குனிந்தால் போதாது, தவழ்ந்துதான் நுழைய வேண்டும். பக்கத்தில் இருக்கும் டோடோத், துர்கானா மக்கள் ஒருவர் மாட்டை ஒருவர் கவர்ந்து போகிறவர்கள், அந்தச் சண்டையில் நடுவில் மாட்டிக்கொள்வது இவர்கள்தான். இவர்கள் சோளம் விதைக்கிறார்கள், குடைந்த மரத்துண்டுகளை மரத்தில் ஏற்றித் தேனீ வளர்க்கிறார்கள்.

'டோமோரா மராங்' என்று ஒரு சொல் அவர்களிடம் உண்டு. பகிர்ந்துகொள்வது நல்லது என்று அர்த்தம். கிஜாவிகா என்ற நிலத்து ஆவிகள் யார் கொடுக்கிறார்கள், யார் ஒளிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் என்பது நம்பிக்கை. சமீப வருடங்களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் கத்ரின் டவுன்செண்ட், கொடுப்பதில் இவர்கள் மற்றவர்களுக்கு எந்த வகையிலும் குறைந்தவர்கள் இல்லை என்கிறார்.

1980களில் அங்கே போன மொழியியலாளர் பெர்ண்ட் ஹைனே, டர்ன்புல்லுக்கு அந்த மொழி சரியாகத் தெரியவில்லை, தகவல் சொன்னவர்களில் சிலர் இக் இனத்தாரே இல்லை என்று 1985இல் எழுதினார். அந்தக் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துத்தான் டர்ன்புல் புத்தகத்தை இங்கே அறிமுகம் செய்வேன், தனியாகச் செய்ய மாட்டேன்.