பிளானும் செக்‌ஷனும் சேர்த்துப் படியுங்கள்: கட்டட வரைபடம் பற்றிக் கேள்வி பதில்

மதுரைப் பக்கம் 22 வருடமாக வீடு கட்டும் வேலையில் இருக்கிறேன். டிப்ளமோ முடித்து சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். இப்போது நானே வரைந்தும் கொடுக்கிறேன். கட்டட வரைபடம் படிப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம்.

கேள்வி: சார், முதல் தடவை வீடு கட்டுகிறோம். இன்ஜினியர் ஆறு ஷீட் கொடுத்திருக்கிறார். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

வலது பக்கம் கீழ் மூலையிலிருந்து. அங்கே ஒரு கட்டத்தில் ஷீட் எண், தேதி, ஸ்கேல், எத்தனையாவது திருத்தம் என்பதெல்லாம் இருக்கும். உங்கள் கையில் இருப்பதும் மேஸ்திரி கையில் இருப்பதும் ஒரே திருத்தமா என்று முதலில் பாருங்கள். அப்புறம் வடக்கு அம்புக்குறி. அதற்குப் பிறகு தலைவாசலில் விரலை வைத்து உள்ளே நடந்து போங்கள்.

பிளான் என்பது என்ன? வீட்டைத் தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் குறுக்கே அறுத்து, மேல்பாதியைத் தூக்கி வைத்துவிட்டு, நேர் மேலே நின்று பார்ப்பது. அறுபட்ட சுவர் தடித்த கோடாக வரும். அதற்குக் கீழே இருக்கும் சமையல் மேடை, படி எல்லாம் மெல்லிய கோடு. அறுத்த மட்டத்துக்கு மேலே இருக்கும் லாஃப்ட், பீம், சன்ஷேடு எல்லாம் விட்டு விட்டு வரும் புள்ளிக்கோடு. பாத்ரூம் வெண்டிலேட்டரைப் புள்ளிக்கோட்டில் போடுவதும் இதனால்தான். இந்த ஒன்று பிடிபட்டால் பாதி பிளான் புரிந்த மாதிரி. செக்‌ஷன் என்பது அதையே மேலிருந்து கீழாக நெட்டுக்குத்தாக அறுத்து, பக்கத்தில் நின்று பார்ப்பது.

கேள்வி: அண்ணா, நான் துபாயில் இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்த பிளானை பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். 1:100 என்று போட்டிருக்கிறது, ஆனால் 10 அடி ரூம் 7 அடிதான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை தம்பி. அது ஏ2 தாளுக்கு வரைந்த பிளானாக இருக்கும், நீங்கள் ஏ3 தாளில் எடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு தாள் அளவு குறையும்போதும் நீளம் கிட்டத்தட்ட பத்துக்கு ஏழாகச் சுருங்கும். 1:100 என்றால் தாளில் 1 செ.மீ. தரையில் 1 மீட்டர். ஆனால் அது அந்த அசல் தாளுக்கு மட்டும். ஸ்கேலைத் தூக்கி வைத்துவிடுங்கள். எழுதியிருக்கும் எண்தான் கணக்கு. எண் எழுதாத இடத்தில் சந்தேகம் வந்தால் வரைந்தவரைக் கேளுங்கள், அளந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: அண்ணே, கொத்தனார் வேலை பார்க்கிறேன். சில பிளானில் 9.10 என்று புள்ளி வைத்து எழுதுகிறார்கள். அது 9 அடி 10 அங்குலமா?

நல்ல கேள்வி கேட்டீர்கள். சைட்டில் பேனாவால் எழுதும்போது 9.10 என்றால் 9 அடி 10 அங்குலம் என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் தசமத்தில் வரைந்திருந்தால் அதுவே 9 அடி 1 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. வித்தியாசம் எட்டே முக்கால் அங்குலம், ஏறக்குறைய ஒரு ஒன்பது இன்ச் சுவரின் கனம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நான் இப்படி ஒரு சமையலறைக்கு மார்க்கிங் கொடுத்துவிட்டேன். சுவர் ஐந்து வரி எழும்பிய பிறகுதான், பக்கத்து அறையின் அளவையும் கூட்டிப் பார்த்தால் மொத்த நீளத்தோடு பொருந்தவில்லை என்று தெரிந்தது. இடித்தோம். செங்கல்லைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சாந்தை உதிர்த்த அந்த சித்தாள் அம்மாவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: ஒரு வரிசையில் இருக்கும் எல்லா அறையளவையும் சுவர் கனத்தையும் கூட்டி, வெளியே எழுதியிருக்கும் மொத்த அளவோடு சரிபார்க்காமல் நூல் கட்டுவதில்லை. நீங்களும் கூட்டிப் பாருங்கள். புள்ளியா அங்குலமா என்பது அந்தக் கூட்டலிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: 10க்கு 12 என்று சொன்ன ரூம், டேப் வைத்தால் ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் குறைகிறது.

பூச்சு. இரண்டு பக்கச் சுவரிலும் அரை அரை அங்குலம். பிளானில் இருப்பது செங்கல்லுக்குச் செங்கல் அளவு. பீரோ, மாடுலர் கிச்சன் செய்பவரிடம் பிளானைக் கொடுக்காதீர்கள், பூச்சு முடிந்த பிறகு வந்து அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, சிவில் டிப்ளமோ இரண்டாம் வருடம் படிக்கிறேன். கம்பி டிராயிங்கைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. "டி8 @ 150 சி/சி" என்றால் என்ன, புள்ளியும் கோடும் எதற்கு?

8 மி.மீ. முறுக்குக் கம்பி, ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 150 மி.மீ., அதாவது ஏறக்குறைய அரை அடி. 3 மீட்டர் நீளத்துக்கு 21 கம்பி வரும். 20 இல்லை, கடைசியில் ஒன்று கூடும்.

செக்‌ஷனில் கோடாகத் தெரிவது உங்களுக்கு முன்னால் நீளவாக்கில் ஓடும் கம்பி. புள்ளியாகத் தெரிவது உங்கள் முகத்தை நோக்கி வரும் கம்பியின் வெட்டுமுகம். ஒரு கத்தைக் குச்சியைக் குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகத் தெரியுமே, அது மாதிரி.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். சாதாரண அறையின் ஸ்லாப்பில் நடுப்பகுதிக்கு முக்கியக் கம்பி கீழே இருக்கும். ஆனால் சுவரிலிருந்து மூன்றடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியிலும் சன்ஷேடிலும் முக்கியக் கம்பி மேலே. நீட்டிக்கொண்டிருக்கும் நுனி கீழே தாழப் பார்க்கும்போது, மேல்முகம்தான் இழுபடுகிறது. கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அந்த இழுப்பை வாங்கத்தான் கம்பி. செக்‌ஷனில் அந்தக் கோடு மேல்முகத்தை ஒட்டி ஓடி, உள்ளே அறை ஸ்லாப்புக்குள்ளும் நீண்டு போவதைப் பார்க்கலாம். எவ்வளவு தூரம் உள்ளே போகவேண்டும் என்று எண்ணாகவே போட்டிருப்பார்கள்.

டிராயிங்கில் சரியாக இருக்கும், கட்டும்போதும் சரியாகக் கட்டுவார்கள். கான்கிரீட் போடும் நாளில் சட்டி தூக்குபவர்கள் அந்தக் கம்பி மேலேயே மிதித்து நடப்பார்கள்; அது கீழே இறங்கிவிடும். ஆகவே சேர் எனப்படும் முட்டுக்கம்பி வைத்திருக்கிறார்களா என்று, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் குனிந்து பாருங்கள். கவர், அதாவது கம்பியை மூடியிருக்கவேண்டிய கான்கிரீட்டின் கனம், அந்தக் கணக்கும் டிராயிங்கின் குறிப்புகளில் இருக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 படி அஸ்திவார ஃபுட்டிங்குக்குக் குறைந்தது 50 மி.மீ., காலம் எனப்படும் தூணுக்குப் பொதுவாக 40, சாதாரணச் சூழலில் ஸ்லாப்புக்கு 20.

கேள்வி: காலம் 9க்கு 12 அங்குலம் என்று இருக்கிறது. எந்தப் பக்கம் 12 வரவேண்டும்?

காலம் அளவுகள் எழுதிய அட்டவணையில் அது தெரியாது, காலம் லேஅவுட்டில் வரைந்திருக்கும் செவ்வகத்தின் திசையைப் பாருங்கள். திருப்பி வைத்தால் மூன்று அங்குலம் அறைக்குள் துருத்தும் என்பது சின்ன விஷயம். எந்தத் திசையில் பலம் வேண்டுமென்று கணக்குப் போட்டார்களோ அந்தத் திசையில் பலம் குறைந்துவிடும்.

கேள்வி: சார், படிக்கட்டுக்கு 9 அடி நீளம் விட்டிருக்கிறார்கள், லேண்டிங்குக்குக் கீழே ஒரு பாத்ரூமும் போட்டிருக்கிறார்கள். போதுமா?

போதாது, கணக்கைப் பாருங்கள். தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 120 அங்குலம். ஒரு படி 6 அங்குல உயரம் என்றால் 20 ஏற்றம், நடுவில் திரும்பி ஏறுவதால் பக்கத்துக்குப் பத்து. பத்தாவது ஏற்றத்தில் திரும்பும் இடத்து மேடையான லேண்டிங் வந்துவிடுவதால் மிதிக்கும் படி ஒன்பதுதான். ஒன்றுக்கு 10 அங்குலம் என்றால் 90 அங்குலம், ஏழரை அடி. லேண்டிங் மூன்றடி. மொத்தம் பத்தரை அடி. உங்களுக்கு ஒன்பதடிதான் இருக்கிறது. மீதி ஒன்றரை அடியைப் படியிலிருந்துதான் எடுப்பார்கள், ஒவ்வொரு படியும் 8 அங்குலமாகிவிடும். வயதானவர்கள் இறங்கும்போது குதிகால் மட்டும்தான் பதியும்.

பாத்ரூம் விஷயம் இன்னும் மோசம். பிளானில் அழகாக வெஸ்டர்ன் குளோசெட் வரைந்திருக்கும். லேண்டிங் நிற்பது ஐந்தடி உயரத்தில். ஸ்லாப் கனம் போனால் நாலரை அடிதான் மிஞ்சும். இது பிளானில் தெரியவே தெரியாது, செக்‌ஷனை எடுத்து வைத்தால்தான் தெரியும். இன்று மட்டும் இதே மாதிரி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பிளானை மட்டும் பார்த்துச் சரி சொல்லாதீர்கள்.

கேள்வி: அப்ரூவல் பிளானையே மேஸ்திரியிடம் கொடுத்துக் கட்டச் சொல்லலாமா?

கூடாது. அது மனையைச் சுற்றி எவ்வளவு இடம் விடுகிறீர்கள், எவ்வளவு பரப்பு கட்டுகிறீர்கள் என்று 2019ஆம் வருடத்து ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி காட்டுவதற்கு. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2500 சதுர அடி வரை மனையும் 3500 சதுர அடி வரை கட்டடமும் இருந்தால் ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. எளிதாகக் கிடைத்துவிட்டது என்று அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதில் கம்பி விவரமும் இருக்காது, செங்கல்லுக்குச் செங்கல் அளவும் இருக்காது. கட்டுவதற்கான ஒர்க்கிங் டிராயிங்கையும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரில் வரையும் ஆட்டோகேட் மென்பொருள் தெரிந்தால்தான் பிளான் புரியுமா?

வேண்டியதில்லை.

கேள்வி: அண்ணா, என் அம்மாவுக்குப் பிளான் காட்டினால் "எனக்கு ஒன்றும் புரியலை, நீயே பார்த்துக்கோ" என்கிறார். அவர்தான் சமையலறையில் நிற்கப்போகிறார். எப்படிப் புரியவைப்பது?

அம்மாவை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். சாக்பீஸால் சமையலறையை நிஜ அளவில் தரையில் வரையுங்கள். மேடை இரண்டடி ஆழம், சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ், கதவு திறக்கும் கால் வட்டம், எல்லாம். உள்ளே நிற்கச் சொல்லுங்கள். போன மாதம் ஒரு வீட்டில் இப்படிச் செய்தோம். அந்த அம்மா ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார், இரண்டு தடவை திரும்பினார், "ஃபிரிட்ஜைத் திறந்தா கதவு இடிக்குமே" என்றார். கதவை எதிர்ப்பக்கம் மாற்றினோம். கூடவே ஸ்விட்ச் போர்டும் இடம் மாறவேண்டியிருந்தது, அதனால் எலக்ட்ரிகல் ஷீட்டையும் அன்றே திருத்தினோம்.