"அதை விடுங்கள்" என்கிறீர்களே, அதுதான் விஷயம்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 57 வயது. நான்கு வருடமாக ஒரு ஹாஷ் ஓட்டக் குழுவில் இருக்கிறேன். ஒருவர் முன்கூட்டியே மாவுக் குவியல்களால் வழி போட்டு வைப்பார், மற்றவர்கள் அதைத் தேடிக்கொண்டு ஓடுவோம். போட்டி கிடையாது, யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

போன மாதம் வார இறுதிச் சந்திப்புக்காக எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு நகரத்துக்குப் போனோம். சனிக்கிழமை என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தரையில் மாவால் போட்ட வட்டம், அங்கிருந்து நான்கு தெரு பிரிகிறது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒருத்தரும் இல்லை. பத்து நிமிடம் அப்படியே நின்றேன். பிறகு கேட்டால், "எவ்வளவு நேரம் விசில் அடித்தோம், 'ஆன் ஆன்' என்று கத்தினோம், நீங்கள்தான் வரவில்லை" என்று என் மேலேயே பழி. அடுத்த தெருவில்தான் இருந்தார்களாம்! எப்படி நம்புவது?

ராத்திரி சாப்பாட்டிலும் அதே கதைதான். எல்லோரும் சிரிக்கிறார்கள், என்னைப் பற்றித்தான் இருக்கும். பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொன்னார், நானும் சிரித்துத் தலையாட்டினேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறையில் என்னோடு தங்கிய பெண் காலையில் என்னை எழுப்பாமலே கிளம்பிவிட்டாள். என் அலாரம் ரொம்ப நேரம் அடித்ததாம், அவள்தான் அணைத்தாளாம்.

நான்கு வருடம் பழகியவர்கள் இப்படி விட்டுவிட்டுப் போனது ஆறவே மாட்டேன் என்கிறது. வீட்டிலும் நிம்மதி இல்லை. டிவியை ஏன் இவ்வளவு சத்தமாக வைக்கிறாய் என்று மகள் சண்டை போடுகிறாள். என் அம்மாவுக்கும் இந்த வயதில்தான் ஆரம்பித்தது, அதை விடுங்கள். குழுவிலிருந்து விலகிவிடலாமா?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

அதை நான் விடப்போவதில்லை. அம்மாவுக்கு என்ன ஆரம்பித்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் விசில், அலாரம், டிவி என்று கடிதம் முழுக்க நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வயதோடு வரும் காது மந்தத்தில் முதலில் குறைவது கீச்சென்ற உயர் ஒலிகள். அதனால்தான் மற்றவர்கள் காதைத் துளைக்கும் விசிலும் அலாரமும் உங்களை எட்டாமல் போயிருக்கலாம். பேச்சில் ஸ, ஷ போன்ற மெல்லிய ஒலிகள் தேய்ந்துபோகும், உயிரொலிகள் நிற்கும். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் சாப்பாட்டு மேசையில் இது இன்னும் மோசமாகும். "எனக்குக் கேட்கிறதே" என்று பலர் வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருப்பது இதனால்தான்.

அந்த மாவு வட்டத்தையும் யோசித்துப் பாருங்கள். வேகமாக ஓடுபவர்கள் நாலா பக்கமும் போய் வழி தேடி நேரத்தை இழக்க வேண்டும், அதற்குள் மெதுவாக வருபவர்கள் வந்து சேர வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. வழி கிடைத்ததும் குரல் கொடுப்பார்கள். பின்னால் வருபவருக்குக் காதுதான் வழிகாட்டி. அவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றே நான் நம்புகிறேன். கடைசியில் ஒருவரை நிறுத்தாதது அவர்கள் தப்பு, அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் கைவிட்டார்கள் என்ற பழி நியாயமில்லை. காது கேட்பதில் சந்தேகம் இருப்பதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லையே!

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. அம்மாவிடம் எல்லோரும் முதலில் கத்திப் பேசி, பிறகு மெல்ல மெல்லப் பேச்சையே குறைத்துக்கொண்டார்களா? அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு, ஆளில்லாத தெருமுனையில் நின்ற பத்து நிமிடம் வெறும் பத்து நிமிடமாக இருந்திருக்காது. ஆனால் குழுவிலிருந்து விலகினால், அம்மாவுக்கு மற்றவர்கள் செய்ததை உங்களுக்கு நீங்களே செய்துகொள்கிறீர்கள். இந்த ஓட்டம் 1938-ல் கோலாலம்பூரில் தொடங்கியது. 1950-ல் அந்தக் குழுவைப் பதிவு செய்தபோது எழுதிய நோக்கங்களில் ஒன்று, மூத்த உறுப்பினர்களுக்கு அவர்கள் நினைக்கிற அளவு வயதாகிவிடவில்லை என்று உணர்த்துவது. உங்களுக்கு அந்த இடம் தேவை.

காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சில சமயம் குறும்பி அடைத்திருந்தாலே இப்படி ஆகும். பிறகு கேள்திறன் சோதனை: ஒலி புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கருவி வேண்டும் என்றால் தயங்காதீர்கள். எந்த ஒலி குறைந்திருக்கிறதோ அதை மட்டும் கூட்டித்தரும்படி இன்று அமைத்துக்கொள்ளலாம். பழைய காது திரும்பி வராது, ஆனாலும் பேச்சு நன்றாகப் பிடிபடும். அதுவரை அறிமுகமில்லாத தெருக்களில் தனியாக ஓடாதீர்கள், பின்னால் வரும் வண்டியும் கேட்காமல் போகலாம். வட்டத்தைத் தாண்டும்போது சரியான திசையில் மாவைக் காலால் இழுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பல குழுக்களில் அது வழக்கம்தான்.

இதற்கெல்லாம் முன்னால், சாப்பாட்டில் பக்கத்தில் இருந்தவரை நேரில் போய்ப் பாருங்கள். அவர் தன் கஷ்டம் எதையாவது சொல்லியிருந்தால், அதற்கா நீங்கள் சிரித்தீர்கள்? "அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.