முகாம் வாசலோடு நின்றுவிடும் சட்டங்கள்

அன்பின் அக்கா,

செயற்கை நுண்ணறிவு பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். ஐரோப்பாவில் சட்டம் போட்டுவிட்டார்கள், ஐ.நா. குழு அமைத்துவிட்டது, டெல்லியில் மாநாடு நடந்தது என்று செய்திகள் வருகின்றன. எனக்கு இதெல்லாம் பெரிய நாடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விசயமாகத்தான் படுகிறது. குளமும் காணியும் யானையும் பிரச்சினையாக இருக்கும் வன்னிச் சனத்துக்கு இதில் என்ன இருக்கிறது? கையெழுத்துப் போடாத நாட்டை யார் கேட்பது? "இதை நாங்கள் ஏன் படிக்க வேணும் சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ம.
ஒட்டுசுட்டான்

அன்பின் தம்பி,

உங்கள் மாணவிக்கான பதிலை முகமாலையில் இருந்து தொடங்குகிறேன்.

ஏ9 வீதியால் போகும்போது அங்கே சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். முழந்தாளிட்டு, சாண் சாணாக மண்ணைச் சுரண்டி மிதிவெடி எடுக்கும் பெண்களில் பலர் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறவர்கள். அந்த வெடியைப் புதைத்தவர் இன்று எங்கேயாவது இருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். போர் 2009 இல் முடிந்தது வெடிக்குத் தெரியாது. விறகு பொறுக்கப் போன பிள்ளைக்கும் துவக்கோடு வந்த ஆளுக்கும் உள்ள வித்தியாசமும் அதற்குத் தெரியாது. வெடிக்கும் அந்தக் கணத்தில், இவரைக் கொல்லலாமா என்று யோசிக்க ஒரு மனிதரும் அங்கே இல்லை.

1997 இல் வந்த ஒட்டாவா உடன்படிக்கை தடை செய்தது இந்த வெடியைத்தான். ஒரு ஆள் கிட்ட வந்தாலோ தொட்டாலோ தானாக வெடிக்கும்படி செய்யப்பட்டது என்று அது வரையறுக்கிறது. கிளைமோர் கண்ணிவெடி எங்கள் சனத்துக்கு நன்றாகத் தெரிந்த சாமான். ஒருவர் மறைந்திருந்து, பார்த்து, சுவிட்சை அமத்தி வெடிக்கவைத்தால் அது இந்தத் தடைக்குள் வராது. அதையே கால் இடறும் கம்பியில் கட்டிவிட்டுப் போனால் வரும். கிளைமோரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் இந்த வித்தியாசத்தை விளக்க எந்தச் சட்டத்தரணியாலும் முடியாது. ஆனாலும் சட்டம் எழுதியவர்கள் அந்த இடத்தில்தான் கோட்டைக் கீறினார்கள். உயிரை எடுக்கும் முடிவை ஒரு மனிதர் எடுத்தாரா, இல்லை சாமானிடம் விட்டுவிட்டுப் போனாரா? செயற்கை நுண்ணறிவு ஆயுதங்கள் பற்றி ஜெனீவாவில் பல வருடமாக நடக்கும் வாதம் இதே கோட்டில்தான் நிற்கிறது.

கையெழுத்துப் போடாத நாட்டை யார் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். மிதிவெடித் தடை வந்த கதையைப் பாருங்கள். ஜெனீவாவில், சில மரபுவழி ஆயுதங்களுக்கான உடன்படிக்கையின் கீழ், நாடுகள் 1996 வரை மிதிவெடி பற்றிப் பேசின. அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வரி நகரும். கடைசியில் கிடைத்தது ஒரு பலவீனமான திருத்தம். அதே வருடம் ஒக்டோபரில் கனடாவின் வெளிவிவகார அமைச்சர் லொயிட் அக்ஸ்வேர்தி, ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்து முழுத் தடையில் கையெழுத்திடுங்கள் என்று நாடுகளுக்கு அழைப்பு விடுத்தார். 1997 டிசம்பரில் 122 நாடுகள் ஒட்டாவாவில் கையெழுத்திட்டன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் இன்றுவரை சேரவில்லை. இலங்கையும் 20 வருடம் வெளியே நின்றுவிட்டு 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. வெடி அகற்றும் வேலை எங்கள் மண்ணில் அதற்கு முன்பே, 2002 சமாதான காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆனால் உடன்படிக்கையில் சேர்ந்ததால் அந்த வேலைக்கு ஒரு திகதி வந்தது: 2028 யூன் 1. அரசாங்கங்கள் மாறலாம், அந்தத் திகதியை வைத்து எந்த அரசாங்கத்தையும் கேள்வி கேட்கலாம். பெரிய நாடுகள் ஐந்தும் வெளியே நின்ற ஒரு சட்டம் முகமாலைக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால்தான் இது பெரிய ஆட்களின் பேச்சு என்று நான் ஒதுக்குவதில்லை.

சட்டம் வந்த வழியில் திரும்பியும் போகலாம், அதையும் சொல்லவேண்டும். 2025 இல் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளும் ஒட்டாவா உடன்படிக்கையில் இருந்து விலகுவதாக அறிவித்தன. ரஷ்யாவின் எல்லையில் இருக்கும் பயம். போரில் அகப்பட்ட எவரும் அந்தப் பயத்தைச் சின்னதாக எண்ணமாட்டார்கள். அப்படியிருந்தும் அந்தச் செய்தி எனக்கு மிகவும் வலித்தது. அங்கே இனிப் புதைக்கப்போவதை எடுக்க யாரோ ஒரு பெண் ஒருநாள் முழந்தாளிட வேண்டிவரும்.

சரி, இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஓகஸ்ட் 1 இல் நடைமுறைக்கு வந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆபத்தின் அளவைப் பார்த்து அது வகை பிரிக்கிறது. ஆட்களின் நடத்தைக்குப் புள்ளி போட்டு அவர்களை ஒதுக்குவது, வேலைத்தலத்திலும் பள்ளிக்கூடத்திலும் முகத்தைப் படித்து உணர்ச்சியைக் கணிப்பது, இணையத்தில் கிடைக்கும் முகப்படங்களை எல்லாம் வாரிச் சேர்ப்பது எல்லாம் 2025 பெப்ரவரியில் இருந்து அங்கே தடை. மீறும் கொம்பனிக்கு மூன்றரைக் கோடி யூரோ அல்லது உலக வருமானத்தில் 7 வீதம், இரண்டில் கூடியது எதுவோ அதுவரை தண்டம் போடலாம். அரச உதவி யாருக்குக் கிடைக்கும், கடன் யாருக்குக் கிடைக்கும், அகதி விண்ணப்பம் என்னவாகும் என்று கணிக்கும் கருவிகளை அது அதிக ஆபத்து வகையில் வைக்கிறது. எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் ஐரோப்பிய நாடுகளில் தஞ்சம் கேட்டு நிற்கிறார்கள்! அதிக ஆபத்து வகைக்கான விதிகளைப் பின்தள்ள வேண்டும் என்று ஐரோப்பிய ஆணைக்குழுவே 2025 நவம்பரில் முன்மொழிந்தது. மற்ற விதிகளைவிட இந்த விதிகளே எங்கள் சனத்துக்கு அதிகம் தேவையானவை.

அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் பாருங்கள். இராணுவம், பாதுகாப்பு, தேசிய பாதுகாப்பு என்ற நோக்கத்துக்கு மட்டும் பாவிக்கும் கருவிகளுக்குச் சட்டம் பொருந்தாது என்கிறது. 2024 செப்டெம்பரில் வில்னியஸ் நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐரோப்பியப் பேரவையின் உடன்படிக்கையும் நாட்டின் பாதுகாப்பு விவகாரங்களை வெளியே விடுகிறது. செயற்கை நுண்ணறிவு பற்றி ஐ.நா. பொதுச்சபை 2024 மார்ச்சில் வாக்கெடுப்பு இல்லாமல் ஏற்ற முதல் தீர்மானம், இராணுவம் சாராத துறைக்கு மட்டும் என்று சொல்லித்தான் தொடங்குகிறது. 2025 ஓகஸ்டில் ஐ.நா. உருவாக்கிய 40 பேர் கொண்ட விஞ்ஞானக் குழுவின் எல்லையும் அதேதான். ஒவ்வொன்றும் இராணுவ முகாம் வாசல்வரை வந்து நின்றுவிடுகிறது. வீதிக்கு வீதி முகாமைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது சின்ன விடுபடல் இல்லை.

ஆளில்லா வேவு விமானத்தை எங்கள் சனம் வண்டு என்றுதான் சொன்னது. அந்த இரைச்சல் கேட்டால் அடுத்து என்ன வரும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. அன்று வண்டு பார்த்தது, ஆட்கள் முடிவெடுத்தார்கள். நடந்ததற்கு இன்னும் நீதி கிடைக்கவில்லை. என்றாலும் யார் உத்தரவு கொடுத்தது என்று கேட்கவாவது முடிகிறது. பார்ப்பதும் இலக்கைத் தெரிவு செய்வதும் அடிப்பதும் ஒரே மெசினுக்குள் நடந்தால் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக கிளிநொச்சியில் தகரக் கொட்டகையின் கீழ் வருடக்கணக்காக இருந்த அம்மாமாரிடம் கேளுங்கள், பெயர் சொல்லக்கூடிய ஒரு ஆள் பொறுப்பில் இருப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று.

இந்த வாசலைத் தாண்டப் பார்க்கும் முயற்சிகளும் உண்டு. 2024 டிசம்பர் 2 அன்று, தானாக இலக்கைத் தெரிவு செய்து தாக்கும் ஆயுதங்கள் பற்றிய ஒரு தீர்மானத்துக்கு ஐ.நா. பொதுச்சபையில் 166 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை ரஷ்யா, பெலருஸ், வடகொரியா என மூன்றுதான். 15 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. 2026 க்குள் கட்டுப்படுத்தும் ஒரு உடன்படிக்கை வேண்டும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அந்தோனியோ குட்டெரெசும் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவும் கேட்டிருக்கின்றனர். ஆனால் பேச்சு நடப்பதோ மிதிவெடிப் பேச்சு முடங்கிய அதே ஜெனீவா மன்றத்தில், அதே எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற முறையில். மறுபடியும் யாராவது ஒரு நாடு எழுந்து வெளியே வந்து மற்றவர்களை அழைக்கவேண்டும். மிதிவெடி எடுத்த அனுபவம் இத்தனை உள்ள இலங்கையே அதைச் செய்தால் என்ன என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பைடன் 2023 ஒக்டோபரில் போட்ட கட்டளையை ட்ரம்ப் 2025 ஜனவரியில் பதவி ஏற்ற அன்றே நீக்கினார். சீனா சட்டங்களை வேகமாகப் போடுகிறது. மெசின் உருவாக்கிய படத்துக்கும் எழுத்துக்கும் அடையாளம் இடவேண்டும் என்ற விதி அங்கே 2025 செப்டெம்பரில் வந்தது. நல்ல விதிதான், ஆனால் அரசைக் கேள்வி கேட்கும் ஆளை அது காப்பாற்றாது. 2023 இல் இங்கிலாந்தின் பிளெட்ச்லி மாநாட்டுப் பிரகடனத்தில் 28 நாடுகள் இருந்தன, இலங்கை இல்லை. ஐ.நா.வின் ஆலோசனைக் குழு 2024 இல் ஒரு கணக்குச் சொன்னது: ஐ.நா.வுக்கு வெளியே நடந்த ஏழு முக்கிய முயற்சிகளில் 118 நாடுகள் ஒன்றில்கூட இல்லை, ஏழிலும் இருந்தவை ஏழே நாடுகள். உங்களுக்கு வந்த சலிப்பு நியாயமானது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இனி வீட்டு வாசலுக்கு வருவோம். ஏழைக் குடும்பங்களுக்கு அரசு காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் 2023 இல் தொடங்கியது. அதில் குடும்பங்களைத் தெரிவு செய்தது 22 குறிகாட்டிகளை வைத்து. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப நிலை என்று எல்லாவற்றையும் பதிந்து, புள்ளி கூட்டி, தகுதி பார்த்தார்கள். நாடு முழுவதும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. அது செயற்கை நுண்ணறிவு இல்லை, வெறும் கூட்டல் கணக்கு. அதற்கே ஏன் விடுபட்டோம் என்று சனத்துக்குத் தெரியவில்லை. நாளை அந்தக் கூட்டலின் இடத்தில், செய்தவருக்கே விளங்காத ஒரு மெசின் வந்தால் கிராம அலுவலர் எதைச் சொல்லி விளங்கப்படுத்துவார்?

எங்கள் நாட்டில் இதற்கு ஒரு கதவு திறந்துதான் இருக்கிறது, அரைவாசியாக. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தானியங்கு முறையில் மட்டும் எடுத்த ஒரு முடிவு ஒருவரின் உரிமையை மீளமுடியாதபடி பாதித்தால், அதை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையைத் தருகிறது. எழுத்துச் சட்டம் ஒன்று அந்த முடிவுக்கு அதிகாரம் கொடுத்திருந்தால் இந்த உரிமை பொருந்தாது என்று விதிவிலக்கும் வைக்கிறது. ஏழைகளுக்கான திட்டங்கள் பெரும்பாலும் அப்படி ஏதாவது ஒரு சட்டத்தின் கீழ்தான் வருகின்றன! 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன, அதே வருடம் திருத்தமும் வந்தது. அந்த விதிவிலக்கை எடுக்கச் சொல்லி வடக்கில் இருந்து ஒரு குரலும் எனக்குக் கேட்கவில்லை. எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைப் பேசவேண்டும்.

உங்கள் மாணவியிடம் ஒரு வேலை கொடுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எந்த அரச அலுவலகம் எந்த முடிவுக்குக் கம்பியூட்டர் கணிப்பைப் பாவிக்கிறது, அந்தக் கணிப்பு எந்த விபரங்களைப் பார்க்கிறது, அதை மாற்றும் அதிகாரம் எந்தப் பதவியில் உள்ள ஆளுக்கு இருக்கிறது. இந்த மூன்றையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பதில் வர நாளாகும், சிலவேளை மேன்முறையீடும் செய்யவேண்டிவரும். விண்ணப்பத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள். வரும் பதில்களை எனக்கு அனுப்பினால், சனத்தின் பெயர் விலாசத்தை எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா