நிலத்தை அடகு வைக்காதீர்கள். மகள் கெமிஸ்ட்ரி படிக்கட்டும்

மேலூரிலிருந்து எழுதிய அய்யாவுக்கு,

மகளுக்கு வேதியியலில் நல்ல மதிப்பெண், கணக்கில் சுமார். ஆனாலும் மச்சினர் சொன்னார் என்று நிலத்தை அடகு வைத்து, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மனம் ஒட்டாத படிப்பில் அரியரும் வட்டியும் சேர்ந்தே ஏறும்.

நீங்கள் குறையாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆர்.ஓ. மெஷினில் கழற்றிய பழைய ஃபில்டரை அவள் பிளேடால் அறுத்து, வெளியே செம்மண் நிறம், உள்ளே மட்டும் வெள்ளை, ஏன் என்று கேட்டாளாம். அந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது: மெம்பரேன் வேதியியல். மெம்பரேன் என்றால் நுண்துளைகள் உள்ள, வடிகட்டும் மெல்லிய சவ்வு.

குடிநீர், டயாலிசிஸ், பால் பண்ணை, திருப்பூர் சாயக்கழிவு, எங்கும் மெம்பரேன்தான். எங்கும் அடைப்புதான் தொல்லை. பிவிடிஎஃப் என்ற பாலிமர் உறுதியானது, ஆனால் தண்ணீரோடு ஒட்டாது. எண்ணெயும் புரதமும் அதில் அப்பிக்கொள்ளும். ஆகவே துளைகளின் சுவரையே வேதிமுறையில் மாற்றுகிறார்கள். முதலில் ஆல்கஹாலில் நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரைசல் துளைக்குள் இறங்காது. பிறகு நீரில் அலசி, பிஎச் 8.5-லேயே நிற்கவைக்கும் டிரிஸ் என்ற உப்புக் கரைசலில் லிட்டருக்கு 2 கிராம் டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்து, அதில் போட்டுச் சில மணி நேரம் ஆட்டுவார்கள். காற்று பட்டுக் கரைசல் பழுப்பாகும், சுவரில் நீரை ஈர்க்கும் மெல்லிய பூச்சு படியும். காற்றுப் புகாமல் மூடினால் வினை நகராது. அளவுக்கு மீறி ஊறினால் பூச்சே துளையை அடைத்து, நீர் வரத்து குறைந்துவிடும். காரத்தில் ஊறவைக்கும் வழியும் உண்டு. கொஞ்சம் மிஞ்சினால் மெம்பரேன் கறுத்து நொறுங்கும். பொறுமையாக அளந்து, குறித்து, மறுபடி செய்பவருக்கான வேலை இது. உங்கள் மகளுக்கு அது வரும்.

மதுரையிலேயே அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேருங்கள். அதே கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் கட்டணம் கூடுதல், எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். மூன்றாம் ஆண்டில், எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐஐடி ஜாம் தேர்வு எழுதட்டும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் பக்கம்தான். புராஜெக்டுக்கு அங்கே முயலலாம். ஒன்றை மறைக்க மாட்டேன்: வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் இந்தத் துறையில் ஆய்வு வேலை கிடைப்பது கடினம். எம்.எஸ்சி. கட்டாயம். ஐந்து வருடம் பொறுக்க முடியுமா என்று அவளிடமே கேளுங்கள், மச்சினரிடம் அல்ல. அதுவரை அட்வான்ஸ் எதுவும் கட்டாதீர்கள்.