நெஞ்சின் மேல் ஏறி உட்காருவது யார்?

கேள்வி: எனக்கு வயது 26. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து படுத்தால், வாரத்தில் இரண்டு முறையாவது விழிப்பு வந்தும் கைகால் அசைவதில்லை, கத்தினால் குரல் வருவதில்லை. யாரோ நெஞ்சில் உட்கார்ந்து அமுக்குவது போல இருக்கிறது. ஒருமுறை கதவோரம் ஒரு பெண் நிற்பதையே பார்த்தேன். அமுக்குவான் பேய் என்று அம்மா ஒருவரிடம் அழைத்துப் போனார். அவர் 15,000 ரூபாய் கேட்டு, பாதியை வாங்கிக்கொண்டு தாயத்துக் கட்டியிருக்கிறார். நண்பனோ இது பக்கவாதத்தின் ஆரம்பம், தலைக்கு ஸ்கேன் எடு என்கிறான். என்ன செய்வது ஐயா? (ஆற்காடு வாசகர்)

பதில்: தம்பி, முதலில் நண்பனுக்குச் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் இழுக்கும். இப்படி இரண்டு கை, இரண்டு காலையும் கட்டிப் போட்டு, ஒரு நிமிஷத்தில் தானே அவிழ்த்துவிட்டு, கதவோரம் ஒரு பெண்ணையும் நிறுத்திவைக்காது. எழுந்த பிறகும் ஒரு பக்கம் மட்டும் வரவில்லை, வாய் கோணுகிறது என்றால் அது வேறு கதை. அப்போது 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்களுக்கு வருவது தூக்க முடக்கம். கனவு காணும் தூக்கத்தில் கைகாலுக்குப் போகும் உத்தரவை மூளை நிறுத்திவைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் நாய் துரத்தினால் நிஜமாகவே எழுந்து ஓடி சுவரில் முட்டிக்கொள்வோம். கண்ணும் மூச்சிழுக்கும் உதரவிதானமும் மட்டும் வழக்கம்போல வேலை செய்யும். சில நாள் அறிவு முந்தி விழித்துக்கொள்கிறது, அந்தத் தடை விலகக் கொஞ்சம் தாமதமாகிறது. விலாத் தசைகள் தளர்ந்து கிடப்பதால் நீங்களாக ஆழமாக மூச்சிழுக்கப் பார்த்தால் முடியாது. அதைத்தான் அமுக்குவதாக உணர்கிறீர்கள். மூச்சு நிற்பதில்லை. பயத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதி அந்த நேரத்தில் முழு வேகத்தில் இருக்கும், கனவும் பாதி மிச்சமிருக்கும். அந்தப் பெண் அங்கிருந்து வந்தவள்தான். ஜப்பானில் இதற்கு கனாஷிபாரி என்று பெயர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நெஞ்சில் ஏறுவது ஒரு கிழவி. எந்த ஊர்ப் பேயும் அந்தந்த ஊர் உடுப்பில்தான் வருகிறது.

அபூர்வமான வியாதியும் இல்லை. 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்திருக்கிறது. மாணவர்களில் 28 பேர்.

உங்களுக்கு ஏன் இத்தனை முறை? கனவுத் தூக்கம் அதிகம் வருவது விடியற்காலையிலும் அதை ஒட்டிய காலையிலும்தான். நீங்கள் அப்போதுதான் வந்து படுக்கிறீர்கள், படுத்த கொஞ்ச நேரத்திலேயே அதில் விழுகிறீர்கள். நம்ம வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில் கரண்ட் போய் ஃபேன் நின்றால் பாதியில் விழிப்பு வேறு. போதாததற்கு வாராவாரம் ஷிஃப்ட் மாற்றுகிறார்கள். உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகுவதற்குள் அடுத்த நேரம் வந்துவிடுகிறது. மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று எத்தனையோ பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். "இதெல்லாம் ஒரு வியாதியா டாக்டர்?" என்று திரும்பி வந்ததுதான் அதிகம். அவர்களை மட்டும் சொல்லி என்ன? நான் படித்த காலத்தில் தூக்கத்துக்கென்று இருந்தது ஒரே ஒரு வகுப்பு, அதிலும் பாதிப் பேர் தூங்கினோம்.

மல்லாந்து படுக்காதீர்கள், அதில்தான் இது அதிகம் வரும். பழைய டீ-ஷர்ட்டில் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து ரப்பர் பந்து ஒன்றைப் போட்டுக்கொண்டால் உடம்பே ஒருக்களித்துவிடும். வந்துவிட்டால் போராட வேண்டாம். கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். நீங்கள் முனகுவது கேட்டால் தோளைத் தொடச் சொல்லி அம்மாவிடம் சொல்லிவையுங்கள், யாராவது தொட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். உடனே திரும்பப் படுக்காமல் எழுந்து முகம் கழுவிவிட்டு ஐந்து நிமிஷம் உட்காருங்கள். தூக்கம் வர ஒரு குவார்ட்டர் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் அமுங்கும் கனவு பின்பாதியில் வட்டியோடு வரும்.

இனி பணம் பறிப்பவர்கள். தாயத்துக்காரரைவிட, அவரிடம் ஆள் சேர்த்துவிடுபவர்தான் ஆபத்து. அவருக்கு அதில் பங்கு உண்டு. தாயத்துக்காரரோ "மூணு அமாவாசை ஆகணும்" என்பார். சாதாரணமாக இது சில வாரத்தில் தானே குறைகிற சமாச்சாரம், பேர் மட்டும் அவருக்கு. ஸ்கேன் பக்கமும் இதே கதைதான். ஆட்டோவிலிருந்து இறங்குவதற்குள் "எந்த ஸ்கேன் சார்?" என்று கேட்க ஆள் நிற்கிற ஊர் இது. தூக்க முடக்கம் எந்த எம்ஆர்ஐயிலும் தெரியாது. மூன்றாவது மருந்துக்கடை. தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் மாத்திரை எச்1 பட்டியல் மருந்து. டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது, விற்ற கணக்கை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் "தூக்கம் வரல" என்றால் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கையில் கொடுக்கிற கடை இருக்கிறது. பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நேர்மையாக யோசித்துப் பாருங்கள். வயிறு குலுங்கச் சிரிக்கும்போது முழங்கால் மடங்குகிறதா? தாடை தொங்கி, கையிலிருக்கும் டீ டம்ளர் நழுவுகிறதா? நன்றாகத் தூங்கிய நாளிலும் சாப்பிடும்போது, வண்டி ஓட்டும்போது தூக்கம் அடித்துப் போடுகிறதா? இருந்தால் அது நார்கோலெப்சியாக இருக்கலாம். விழிப்பைப் பிடித்துவைக்கும் ஹைப்போகிரெடின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் மூளையில் குறைந்துபோவதால் வருவது அது. இதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டிலும், காக்காய்வலிப்பு என்று ஆஸ்பத்திரியிலும் வருஷக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். சிரிப்பில் முழங்கால் மடங்கும்போது நினைவு தப்பாது, வலிப்பில் பெரும்பாலும் தப்பும். இந்த ஒரு வித்தியாசத்தை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். இதற்கான பரிசோதனை இரவு முழுக்கத் தலையில் ஒயர் ஒட்டித் தூங்கவைப்பது, பிறகு பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை குட்டித் தூக்கம் போடச் சொல்வது. நரம்பியல் டாக்டர் எழுதினால் மட்டும் போங்கள். டம்ளர் நழுவவில்லை, பகலில் தூக்கம் அடித்துப் போடவில்லை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

தாயத்தை அவிழ்க்கச் சொல்லி அம்மாவிடம் சண்டை போட வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். மீதி 7,500-ஐ மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.